லோஞ்ச் ஊதும்வரை படம்

சோமசேகரம் தன் வாழ்நாளில் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்த படங்களின் சுருள்களைக் கொட்டினால் கொட்டியாரக் குடாவையே தூர்த்து மூதூருக்குக் கால் நனையாமல் நடந்து போகலாம், அவ்வளவு படம். ஆனால் எல்லாம் முக்கால் படம். கதாநாயகன் வில்லனின் கழுத்தைப் பிடித்ததை ஆயிரம் தடவை கண்டிருக்கிறார். பிடித்த கழுத்துக்கு என்ன நடந்தது என்பதை ஒரு தடவைகூடக் கண்டதில்லை.

இது நோயுமல்ல, விரதமுமல்ல. கடைசி லோஞ்ச் செய்துவைத்த வேலை. அவருடைய ஊர் குடாவுக்கு அக்கரையில் கட்டைபறிச்சான், கூட்டாளி றஊப்புக்கு அதற்குப் பக்கத்து மூதூர். இரண்டு பேரும் மீசை அரும்பத் திருகோணமலைக்குப் படம் பார்க்க வந்த காலத்தில், பாலம் என்ற ஒன்றைக் கனவிலும் காணாத கரை அது. குடாவைக் கடக்க லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகுதான். பின்னேரக் காட்சி முடிய அரைமணி கிடக்கையிலேயே இறங்குதுறையில் கடைசி லோஞ்ச் ஊதிவிடும். ஊதியதும் தியேட்டர் இருட்டுக்குள் அக்கரை ஆட்கள் அத்தனை பேரும் ஒரேயடியாக எழும்புவார்கள். திரையில் தாய் செத்துக்கொண்டிருப்பாள். இவர்கள் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். "இருங்கோடா, மறைக்குது!" என்று நகரத்து ஆட்கள் கத்துவார்கள். ஒருமுறை றஊப் யாரோ ஒரு நீதவானின் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடி வந்து மூதூரில் இறங்கினார் என்றும், அந்தச் சப்பாத்தோடுதான் கலியாணமும் முடித்தார் என்றும் சோமசேகரம் சொல்லுவார். பாதியை நம்பலாம்.

லோஞ்சில் ஏறிய பிறகுதான் உண்மையான படம் தொடங்கும். மிச்சக் கதையை ஆளுக்கொரு விதமாக முடிப்பார்கள். சோமசேகரத்தின் முடிவில் ஒருத்தரும் தப்பமாட்டார்கள். நாயகன், நாயகி, நாயகியின் தங்கை, தங்கையின் பசுக்கன்று எல்லாம் செத்துச் சரி. றஊப்பின் முடிவில் ஒருத்தரும் சாகமாட்டார்கள். ஏற்கெனவே செத்தவனையும் "மயக்கம்தானே மச்சான்" என்று எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவே லோஞ்ச் அலையில் ஆடிக்கொண்டு போகும்.

பிறகு பாலங்கள் வந்தன, பஸ் ஓடியது, இருவரும் நகரத்திலேயே குடியேறி, வேலை பார்த்து, பென்ஷனும் எடுத்தாயிற்று. படம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. விதி மட்டும் மாறவில்லை. படம் முடிய அரைமணி இருக்கும்போது சோமசேகரம் கதிரையில் இருந்தபடியே வாயைக் குவித்து "ஊஊஊ" என்று ஊதுவார். ஊதிவிட்டு ரீவியை நிறுத்துவார். அந்தச் சத்தத்துக்கு, திருகோணமலை நகரத்துக்குள் மாடுபோலத் திரிகிற மான்கள் ஒழுங்கையில் சிதறி ஓடும்.

"என்னப்பா, அந்தப் பெட்டை கலியாணம் முடிச்சாளோ, இல்லையோ?" என்று மனுசி கேட்பா.

"அதை நாளைக்கு றஊப்போட கதைச்சுத் தீர்மானிப்பம்."

"ஓம், நீங்கள் ரெண்டு பேரும்தானே பொம்பிளை வீட்டுக்காரர்!"

கடைசியில் மனுசி தனக்கென்று ஒரு போன் வாங்கி, குசினிக்குள் இருந்து சத்தத்தைக் குறைத்து வைத்து மிச்சத்தைப் பார்க்கத் தொடங்கினா. அந்த வீட்டில் எல்லாப் படங்களின் முடிவுகளும் குசினிக்குள் இருந்தன. சோமசேகரம் குசினிப் பக்கம் போவதில்லை. தண்ணீர் விடாய்த்தாலும் வாசலில் நின்றுதான் கேட்பார்.

பின்னேரங்களில், நகரத்தில் மூதூர் லோஞ்ச் புறப்படுகிற இறங்குதுறைக்குப் பக்கத்தில் அப்ராஸின் தேத்தண்ணிக் கடை மர வாங்குதான் அவர்களுடைய லோஞ்ச். போன மாசம் ஒரு பேய்ப் படம் பார்த்துவிட்டு வந்து குந்தினார்கள்.

"படம் எப்பிடி மச்சான்?" என்றார் சோமசேகரம்.

"பேய் நல்லா நடிச்சிரிக்கி," என்றார் றஊப். "மத்தவன் எவனுக்கும் நடிப்பு வராது. அதுல ஒரு பாட்டு வந்திச்சே, நான் போய் அஸர் தொழுதுட்டு வாறன், இன்னும் பாடிட்டிரிக்கிறான்."

"அந்தக் கதாநாயகனுக்கு என்ர வயசு வரும். பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால ஓடுறான்."

"முழங்கால் சத்தம் கேட்டிச்சா ஒனக்கு?"

"அதை மறைக்கத்தானே இவ்வளவு மேளம் அடிக்கிறாங்கள்!"

அப்ராஸ் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்தினான். "சரி சரி, லோஞ்ச் ஊதிட்டு, முடிவச் சொல்லுங்க," என்றான்.

"வீடு பத்தி எரியுது," என்று சோமசேகரம் கையை விரித்தார். "ஆள் அவ்வளவும் சரி. பேயும் சரி."

"பேய் எப்பிடிடா சாகும்?"

"என்ர படத்தில பேய்க்கும் தப்பேலாது."

"போடா கொலகாரா," என்றார் றஊப். "என்ட படத்தில பேய்க்குக் கச்சேரியில வேலை கிடைக்குது. பழைய பைல் தேடிக் குடுக்கிற வேலை. மனிசனால ஏலாததுதானே."

அன்றைக்கு றஊப் ஒரு வடையை எடுத்து, ஒரு ஓரம் கடித்து, அப்படியே காகத்துக்கு வீசினார். வயிற்றைத் தடவினார். சோமசேகரம் அதைக் கண்டும் காணாதவர் போல இருந்தார். மூதூர்க்காரன் வடையை வீசுவதென்றால் கடல் வற்றிப்போக வேணும். அப்படிப்பட்ட ஆள் றஊப்.

அதற்குப் பிறகு றஊப் கடைக்கு வரவில்லை. கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்கள். அல்சர் என்று சொன்னார்கள். கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்க்கப் போன சோமசேகரத்துக்கு, யாரோ றஊப்பின் சாரத்தைக் கட்டிலில் விரித்துவிட்டு றஊப்பை வைக்க மறந்துபோன மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் றஊப்பின் மகள் ஷாமிலா அவருடைய படலையடியில் வந்து நின்றாள். "உள்ளுக்கு வா பிள்ளை," என்றார் சோமசேகரம்.

"இல்ல மாமா. இதுலயே சொல்லிட்டுப் போறன்." முக்காட்டின் நுனியை விரலில் சுற்றினாள். "அல்சர் இல்ல. மகரகமைக்குத்தான் கொண்டு போகச் சொன்னாங்க. ஆனா போயும் பிரயோசனம் இல்லையாம். எல்லா இடமும் பரவிட்டாம்."

புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் மகரகமை. அந்தப் பெயருக்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு சொல்லும் தேவையில்லை. சோமசேகரம் படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வாப்பாக்குச் சொல்லல்ல மாமா. பெரிய வாப்பாக்கு இதே வருத்தமெண்டு சொன்னது ஒங்களுக்குத் தெரியும்தானே. அண்டைக்கே செவரப் பாத்துத் திரும்பிப் படுத்தவரு. கஞ்சியும் வேணாம், தண்ணியும் வேணாம். டொக்டர் குடுத்த காலத்தில பாதிகூட இரிக்கல்ல. வாப்பாவும் அதே ரத்தம். தெரிஞ்சா சாப்பிடமாட்டாரு."

"நான் சொல்லுவனோ, பிள்ளை?"

"நீங்க சொல்லமாட்டீங்க. ஒங்கட படம் சொல்லிப்போடும்." அழுதுகொண்டே சிரித்தாள். "ஒங்கட படத்தில எல்லாரும் மௌத்தாகுறாங்களே மாமா. கொஞ்ச நாளைக்கு ஒருத்தரையும் கொல்லாம இரிங்க."

"ஒரு நுளம்பைக்கூடக் கொல்லமாட்டன்," என்று சோமசேகரம் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

அந்தக் கிழமைப் படம் ஒரு லொறிக்காரனின் படம். றஊப் கட்டிலில் படுத்தபடி போனில் பார்த்தார். சோமசேகரம் வீட்டில் பார்த்தார். லோஞ்ச் ஊதுகிற நேரத்தில் நிலைமை இதுதான்: லொறிக்காரனின் நெஞ்சில் முப்பது வெடி. லொறி பாலத்தை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் பாய்கிறது. தாய் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு இழுக்கிறாள். மகள் வில்லனின் கிடங்கில் கட்டிக் கிடக்கிறாள். வேறொரு காலமாயிருந்தால் சோமசேகரத்துக்கு இது கலியாண வீட்டுச் சாப்பாடு. அன்றைக்கு அவர் துறைமுக வீதி நெடுக ஒவ்வொருத்தராக உயிர் கொடுத்துக்கொண்டே நடந்தார். கொல்லுவது எவ்வளவு லேசான தொழில் என்று அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது.

றஊப்பின் கட்டிலை யன்னலோரம் போட்டிருந்தார்கள். வெளியே குடா வெயிலில் மினுங்கியது.

"படம் எப்பிடி?" என்றார் சோமசேகரம்.

"லொறி நல்லா நடிச்சிரிக்கி." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சரி, ஊதிட்டு. ஏறு. முடி."

ஷாமிலா கஞ்சிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றாள். சோமசேகரம் தொண்டையைச் செருமினார்.

"லொறி ஆத்துக்குள்ள விழுந்ததுதானே? ஆத்தில தண்ணி இல்லை. வரட்சி. வெறும் மணல். மெத்தை மாதிரி. ஆள் எழும்பித் தூசு தட்டிறான்."

"முப்பது வெடி?"

"சட்டைப் பையில தாயின்ர படம் கிடந்தது. சட்டம் போட்ட படம்."

"முப்பதும் ஒரு படத்திலயா பட்டிச்சு?"

"பெரிய படம் மச்சான். கலியாணப் படம்."

"தாய்?"

"ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்டை விட்டிட்டினம். புட்டு அவிக்கிறா."

"மகள்?"

"வந்திட்டாள். சோதினையும் பாஸ்."

றஊப் கண்ணை மூடிக்கொண்டார். "வில்லன்?"

சோமசேகரத்தின் வாய் ஊறியது. கிணறு, கத்தி, கரண்ட் கம்பி என்று மனதுக்குள் எத்தனையோ வரிசைகட்டி நின்றன. வாசலைப் பார்த்தார். ஒருத்தரையும் கொல்லாம என்றுதான் அவள் சொல்லியிருந்தாள்.

"அவன்... திருந்திட்டான்."

"என்ன செய்யிறான்?"

"பழக்கடை போட்டிருக்கிறான்."

றஊப் சிரித்தார். வயிறு நொந்து, சிரிப்பு பாதியில் அறுந்தது. ஷாமிலாவும் சிரித்தாள். கோப்பையைப் பக்கத்து முக்காலியில் வைத்து, "குடிங்க வாப்பா, ஆறிப்போகும்," என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் சோமசேகரத்தை நன்றியோடு பார்த்துவிட்டுப் போனாள். சோமசேகரத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூவாயிரம் பேரைக் கொன்ற கையால் நாலு பேரைக் காப்பாற்றிவிட்டார்.

"சேகரம்," என்றார் றஊப்.

"ம்."

"வில்லனையுமாடா?"

குசினிக்குள் ஷாமிலா பைப்பைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு காலமாம்?" என்றார் றஊப்.

"என்ன காலம்? அல்சருக்கு ஒரு காலமோ? உறைப்பைக் குறைச்சா..."

"ஒன்ட வாய்க்குள்ள போன ஒருத்தன் உசிரோட வெளிய வந்ததில்ல. பேயே தப்பல்ல. இண்டைக்கு வில்லனுக்குப் பழக்கடை." றஊப் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். கண் மட்டும் பழைய கண். "ஷாமிலா படலையடிக்கு வந்தாளா?"

வாழ்நாள் முழுக்க ஒரு கேள்விக்கு ஒன்பது பொய் சொல்லக்கூடிய சோமசேகரத்துக்கு அன்றைக்கு அரைப் பொய்கூட அகப்படவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு மீன்பிடி வள்ளம் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரைக்கும் பார்த்தார்.

"விளங்கிட்டு," என்றார் றஊப். "சரி, என்ட முடிவக் கேளு. அவன் மௌத்து."

"மச்சான்..."

"பொறு. ஆத்தில இல்ல, வெடியில இல்ல. கட்டில்ல. பக்கத்தில ஒருத்தன் இரிந்து அலட்டிட்டிரிக்கிறான். படுத்திரிக்கிறவனுக்கு ஒண்டும் தெரியாதெண்டு மகள் நினைச்சிட்டிரிக்கிறாள். அவனும் அப்பிடியே விட்டுட்டுப் போறான். பாட்டு இல்ல. அவ்வளவுதான்."

"இது உன்ர முடிவு இல்லை. இது என்ர."

"நீ என்டய எடுத்துட்டாய். அப்ப நான் எதை எடுக்கிற?" என்று கேட்டுவிட்டு றஊப் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

சோமசேகரம் கோப்பையை எடுத்து நீட்டினார். முதுகு திரும்பவில்லை. கை உளைந்தபோது கோப்பையை வைத்துவிட்டு, செருப்பைத் தேடிக் குனிந்தார். ஒன்றுதான் காலில் ஏறியது. மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் ஷாமிலா போன் எடுத்தாள். "நேத்து நீங்க போனதிலேரிந்து வாப்பா ஒண்டும் வாயில வைக்கல்ல. செவரப் பாத்துட்டே கிடக்கிறாரு. என்ன கதைச்சீங்க மாமா?"

"படக்கதைதான் பிள்ளை," என்றார் சோமசேகரம். "ஒருத்தரையும் கொல்லேல்லை. நீ கேட்டுக்கொண்டுதானே நிண்டனீ."

போனை வைத்துவிட்டு வீட்டுக் கூடத்துக்குள் அங்குமிங்கும் நடந்தார். பிறகு, அந்த வீடு கட்டிய நாளிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். குசினிக்குள் போனார். மனுசி தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

"இஞ்சேர். அவன் கடைசியில என்ன ஆனவன்?"

"ஆர்?"

"லொறிக்காரன்."

மனுசியின் கை நின்றது. புருசனின் முகத்தைப் பார்த்தா. பகிடி வந்த நாக்கு அப்படியே உள்ளே போயிற்று. "தப்பிட்டான் அப்பா," என்றா மெதுவாக. "மூக்கில மட்டும் ஒரு கீறல். தாயும் தப்பிட்டா. எல்லாரும் பனி நாட்டுக்குப் போய் ஆடினவை."

"நீ பாத்தனீயோ? உன்ர கண்ணால?"

"ஓம், இந்தக் கண்ணாலதான்."

அவர் பலகையில் குந்தினார். தப்பிவிட்டான்! தான் சோடித்த பொய்யல்ல. வரட்சியும் இல்லை, சட்டம் போட்ட படமும் இல்லை. படம் எடுத்தவனே காசு செலவழித்துத் தப்பவைத்திருக்கிறான். இதைவிட உறுதியான சாட்சி உலகத்தில் உண்டா? சேர்ட்டின் பொத்தானைப் பிழையாகப் பூட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தார். வழியில் மறித்துப் படுத்திருந்த மான்கூட எழும்பி இடம் விட்டது.

றஊப் அதே சுவரைப் பார்த்துக் கிடந்தார். சோமசேகரம் கதிரையை இழுத்துப் போட்டு, மூச்சு வாங்க, காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"மச்சான், நான் முடிவைக் கேட்டிட்டன். உண்மையான முடிவு."

முதுகு அசைந்தது. "குசினிக்குள்ள போனியா?"

"போனனான்."

"அடப் பாவி. இத்தின வருசம்." றஊப்பின் குரலில் உண்மையான கவலை இருந்தது.

"தப்பிறான்டா! நான் சொன்னதில்லை, படத்திலயே. முப்பது வெடிக்கு மூக்கில ஒரு கீறல். மனுசி கண்ணால பாத்தவ. நீ இவ்வளவு காலமும் சொன்னதுதான்டா சரி. நான் சொன்னதெல்லாம் பிழை. எல்லாப் படத்திலயும் நீ சொன்னதுதான் நடந்திருக்கும்."

றஊப் சுவரோடுதான் பேசினார்.

"அவன் நடிகன்டா, சேகரம். அடுத்த படத்துக்கும் வரவேணுமே."

சோமசேகரம் முக்காலிப் பக்கம் திரும்பினார். முக்காலியில் கஞ்சிக் கோப்பை ஆடை படிந்து கிடந்தது. ஷாமிலா காலையில் வைத்தது.

"ரெண்டு வாய் குடி மச்சான். எனக்காக."

"ஏலாது. இறங்குதும் இல்ல, மனசும் இல்ல." "ஆனா அவள் வந்து பாத்தா அழுவாள்," என்றார் றஊப். "நேத்து ராவு முழுக்க அழுதவள். பெரிய வாப்பாவ நினைச்சிரிப்பாள். எனக்குத் தெரிஞ்சிட்டெண்டு அவளுக்குத் தெரியக்கூடாது."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

றஊப் தலையை மட்டும் திருப்பினார். கோப்பையைப் பார்த்தார். சோமசேகரத்தைப் பார்த்தார். மறுபடி கோப்பையைப் பார்த்தார்.

"ஏலாதடா," என்றார் சோமசேகரம். "இதை மட்டும் கேளாத."

"நீ தின்னாததாடா? என்ட கலியாணத்தில ஆறு பேர் தின்னுற சகன் தட்டில பாதியைத் தனிய முடிச்சவன் நீ."

குசினியிலிருந்து காலடி கேட்டது. சோமசேகரம் கோப்பையை எடுத்தார். உப்பில்லாத கஞ்சி. ஆறி, பசை மாதிரித் தொண்டையில் ஒட்டியது. ஒவ்வொரு மிடறும் றஊப்பின் ஒவ்வொரு நாளாகத் தன் வயிற்றுக்குள் இறங்குவது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கோப்பையைக் கவிழ்த்து, அடியில் கிடந்த சோற்றையும் விரலால் வழித்து விழுங்கினார். வாயைச் சால்வையால் துடைக்கவும் ஷாமிலா வாசலுக்கு வரவும் சரியாக இருந்தது.

அவள் வெறும் கோப்பையைக் கண்டாள். தகப்பனின் முதுகைப் பார்த்தாள். "குடிச்சாரா மாமா?"

"ஓம் பிள்ளை. ஒரு சொட்டும் மிச்சமில்லை."

"நீங்க வந்தாத்தான் குடிக்கிறாரு பாருங்க! நாளைக்கும் வருவீங்கதானே?"

சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்த தோள் இலேசாகக் குலுங்கியது. சிரிப்போ, வேறென்னவோ, சோமசேகரம் எட்டிப் பார்க்கவில்லை.

"வருவன்," என்றார்.

ஷாமிலா கோப்பையை நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டாள். "அப்ப நாளைக்குக் கொஞ்சம் கூடக் காய்ச்சுறன் மாமா."